படிக்க வராத பக்கம்

அன்புள்ள ஐயாவுக்கு,

என் அப்பாவைப் பெற்ற ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முகவருக்கு உதவியாளாக, இருந்தவர். அவருடைய ஏடுகளை வைத்துக் குடும்ப வரலாறு எழுதிவருகிறேன். முதல் அத்தியாயத்தை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். “ஆதாரம் இருக்கா?” என்று நாலு பேர் பாய்ந்தார்கள். மற்றவர்கள் கைகூப்பும் படம் போட்டார்கள். அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல குழு ஒன்று அமையாதா?

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தாதீர்கள். செட்டிநாடு என்றால் பெரிய வீடுகளின் முகப்பும் வளவும் தேக்குத் தூணும்தான் எழுதப்படுகின்றன. முதலாளிக்காகக் கப்பலேறிய அடுத்தாள், கடையில் எடுபிடியாக இருந்த பெட்டியடிப் பையன், சமையல்காரர் வீட்டுக் கதைகள் எழுதப்படாமலே கிடக்கின்றன. உங்களிடம் இருப்பது அந்தப் பக்கம்.

குழு அமையும். ஆனால் முடிந்த அத்தியாயத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். அதைப் படிப்பவர் பாராட்டுவார், இல்லையென்றால் குறை சொல்வார். உங்களுக்குப் படிக்க வராத ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். அப்போது எல்லாருக்கும் வேலை இருக்கும்.

நாங்கள் ஐந்து பேர். கண்டனூரில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர், மற்றவர்கள் காரைக்குடி. மாதம் இரண்டு ஞாயிறு வீடியோவில் பேசுகிறோம். ஒருமுறை நான் ஒரு பேரேட்டுப் பக்கத்தைக் காட்டினேன். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், சுக்கில வருஷம். 1869 என்று முடிவுகட்டி, சூயஸ் கால்வாய் திறந்த ஆண்டு, பர்மாவில் வட்டித்தொழில் தழைக்கத் தொடங்கிய காலம் என்று மூன்று பக்கம் எழுதியும் விட்டேன். அன்று ராத்திரி கண்டனூர் நண்பர் தனியாகக் கூப்பிட்டார். “அடுத்த பக்கத்தையும் பாத்தீங்களா? பெட்ரோல் டின் ௨ன்னு இருக்கே.” அந்த ௨ என்ற எண்ணை உ என்ற எழுத்தாக நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். 1869-இல் ஏது பெட்ரோல் டின்? சுக்கில அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும், இது 1929. பர்மாவில் நெல் விலை விழுந்து, கொடுத்த கடன் திரும்பாமல், பணத்துக்குப் பதிலாக நிலம் வந்து சேர்ந்த காலத்தின் வாசல். நான் தொடக்கம் என்று எழுதியது, சரிவுக்கு முந்தின நாட்கள்.

அவர் அதைக் குழுவில் வைத்துச் சொல்லவில்லை. மறு கூட்டத்தில் நானே சொன்னேன். அன்றிலிருந்து எங்களுக்குள் அதுதான் வழக்கம்: திருத்தம் தனியாக வரும், திருத்தியதை எழுதியவரே எல்லாருக்கும் சொல்வார். ஆதாரம் கேட்கத்தான் வேண்டும், சகோதரி. “இதை எங்கே பாத்தீங்க?” என்று கேட்டால் அதே கேள்வி ஆளை எழுதவைக்கும்.

அப்புறம் ஒன்று. வீடுகள் விலைபோகும்போது ஏடுகள் எடைக்குப் போகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த நூல்கள்தான், அவர் 1992-இல் மறைந்த பிறகு சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. நம்மால் அவ்வளவு முடியாது. ஆளுக்கு ஒரு பெட்டியைப் படமெடுத்து வைக்க முடியும்.

வரும் ஞாயிறு ராத்திரி எட்டரைக்குப் பேசுகிறோம். உங்கள் ஐயாவின் ஏட்டில் எந்தப் பக்கம் பிடிபடவில்லையோ, அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.