பாதி மூடிய கண்

அன்புள்ள அக்கா,

நீங்கள் பூனைகளைப் பற்றி எழுதுவதை விடாமல் படிப்பவள் நான். எங்கள் வீட்டில் சின்னு என்று இரண்டு வயதுப் பெண்பூனை இருக்கிறது. நேற்று காலையிலிருந்து இடது கண்ணைப் பாதிதான் திறக்கிறது. தண்ணீராக வடிகிறது. ஆனால் சாப்பிடுகிறது, விளையாடுகிறது. அப்பாவுக்குப் போன மாதம் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அந்தச் சொட்டு மருந்து அரை பாட்டில் மீதி இருக்கிறது, அதை விடலாமா? பக்கத்து வீட்டு அத்தை தாய்ப்பால் விடச் சொல்கிறார். இரண்டு நாள் பார்க்கலாமா, டாக்டரிடம் போக வேண்டுமா? இதற்கெல்லாம் பூனையைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

க., பட்டுக்கோட்டை

அன்புள்ள க.,

"இன்றைக்கே போங்கள், அந்தச் சொட்டு மருந்து வேண்டாம்" என்று உங்களுக்கு உடனே மெயில் அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே தயக்கத்தோடு இன்னும் பல பேர் இருப்பார்கள்.

சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்கிறீர்கள். பூனையைப் பொறுத்தவரை அதை நம்பவே கூடாது. வலியை வெளியே காட்டாத பிராணி அது. ஆனால் கண் வலித்தால் இமை தானாக இறங்கிவிடும், அதைப் பூனையால் மறைக்க முடியாது. ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டே இருந்தால் அந்தக் கண் வலிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது என் பூனை முத்துவால் தெரிந்தது. ஒரு ராத்திரி சண்டை போட்டுவிட்டு வந்தான். மறுநாள் உங்கள் சின்னு மாதிரியே பாதிக் கண். மீனை மிச்சம் வைக்காமல் தின்றான், அதனால் நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் கருவிழி மேல், அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் படலத்தில், நீலம் கலந்த வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருந்தது. டாக்டர் நுனியில் ஆரஞ்சு நிறச் சாயம் இருந்த சின்னக் காகிதப் பட்டையை நனைத்து, இமைக்குள் லேசாகத் தொட்டார். அறை விளக்கை அணைத்து நீல விளக்கைக் காட்டினார். கருவிழியின் நடுவில் அரிசி அளவுக்குப் பச்சையாக ஒன்று மின்னியது. மேல்தோல் கிழிந்த இடத்தில்தான் அந்தச் சாயம் ஒட்டும். எதிராளிப் பூனையின் நகம் பட்ட இடம் அது, அதற்குள் புண் ஆகியிருந்தது. பூனையின் கருவிழி மொத்தமே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். முத்துவுக்குப் புண் ஆழமாகப் போய்விட்டது, கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஒன்பது வருஷம் ஒற்றைக் கண்ணோடு நன்றாகத்தான் இருந்தான். ஆனாலும் நான் சும்மா இருந்த அந்த இரண்டு நாளை என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் அப்பாவின் மருந்துக்கு வருகிறேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். கருவிழியில் கீறல் இருக்கும்போது அதை விட்டால் சிவப்பு குறையும், கண் தேறிவருவது போலவே தெரியும். அடியில் புண் ஆறாமல் ஆழமாகிக்கொண்டே போகும். பூனைகளுக்குக் கண்நோய் வருவதற்கு முக்கியக் காரணம் ஒரு வகை ஹெர்பிஸ் வைரஸ். அது குட்டியில் தொற்றினால் பெரும்பாலும் ஆயுசுக்கும் உடம்பில் தங்கிவிடும். ஸ்டீராய்டு பட்டால் அதுவும் கிளம்பும். கீறல் இருக்கிறதா இல்லையா என்பது அந்தச் சாயத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், வீட்டில் நம் கண்ணுக்குத் தெரியாது. அத்தை அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் தாய்ப்பாலும் வேண்டாம். புண்ணில் கிருமி வளரத்தான் அது உதவும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரையில் பூனை செத்துப்போகலாம்.

சரி, எல்லாவற்றுக்கும் ஓட வேண்டுமா என்றால், இல்லை. காலையில் கண்ணோரத்தில் காய்ந்த பழுப்புப் பீளை கொஞ்சம் இருந்து, கண் பளிச்சென்று முழுதாகத் திறந்திருந்தால் துடைத்துவிட்டால் போதும். கொதித்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. லேசாகத் தண்ணீர் வடிந்து, கண் முழுதாகத் திறந்திருந்தால் ஒரு நாள் பொறுக்கலாம். ஜன்னல் ஓரம் வைத்து இரண்டு கண்ணையும் சேர்த்துப் போட்டோ எடுங்கள், மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று. வித்தியாசம் தெரிந்துவிடும். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தாலும், காலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தாலும், மூக்கோரத்து வெள்ளைச் சவ்வு ஒரு கண்ணில் மட்டும் ஏறி நின்றாலும், கருவிழி மங்கினாலும், கண்ணின் நடுவில் உள்ள கறுப்புப் பாப்பா ஒரு கண்ணில் பெரிதாகவும் இன்னொன்றில் சின்னதாகவும் தெரிந்தாலும் பொறுக்கக் கூடாது.

வயசான பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பட்டப்பகலிலும் இரண்டு பாப்பாவும் அகலத் திறந்தே இருந்து, பழகின வீட்டிலேயே நாற்காலியில் முட்டிக்கொண்டால் பெரும்பாலும் ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை கழன்றிருக்கும். சிறுநீரகமோ தைராய்டோ கெட்ட பூனைகளுக்கு இது வரும். அப்போது நாள் கணக்கில் பொறுக்கக் கூடாது, மணிக்கணக்கில் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

குட்டிகள் பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில் கண் திறக்கும். அதற்கு முன்னால் மூடிய இமை புடைத்துக்கொண்டு வந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. தெருவில் கண் வெளுத்துப்போய்த் திரியும் பல பூனைகள் குட்டியில் இப்படிக் கவனிக்காமல் விடப்பட்டவைதான். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

உங்கள் ஊரிலேயே டாக்டர் இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் தஞ்சாவூர் போகும் வழியில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூடி போட்ட கூடையில் பழைய துண்டு விரித்து உட்காரவையுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். சாயம் போட்டுப் பாருங்கள் என்று நீங்களே தைரியமாகக் கேளுங்கள். மருந்து கொடுத்தால், சின்னு கண்ணைத் தேய்க்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டச் சொல்வார்கள். அது பாவமாக மூலையில் உட்கார்ந்திருக்கிறதே என்று முதல் நாளே கழற்றிவிடாதீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.