ரொறன்ரோவிலிருந்து சின்த்-பாப் வைனல் வருகிறது: யாழ்ப்பாணத்தில் அதை எப்படிக் கேட்பது?

கேள்வி இதுதான்: அண்ணா ஓகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து வருகிறார். சின்தசைசர் இசையை முதன்மையாகக் கொண்ட ஒரு சின்த்-பாப் குழுவின் புதிய அல்பத்தை வைனல் இசைத்தட்டாகக் கொண்டுவரச் சொல்லியாயிற்று. பிளேயரையும் அங்கேயே வாங்கச் சொல்லலாமா? இங்கே தட்டு பழுதாகாமல் இருக்க என்ன செய்வது?

பிளேயரை அங்கே வாங்குவதென்றால் முதலில் கரண்டைப் பாருங்கள். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் போட்டால் வோல்ட் இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது. ஏசி சின்க்ரனஸ் மோட்டார் ஹேர்ட்ஸின்படிதான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ தரம் சுற்ற வேண்டிய தட்டு இங்கே 27.8 தரம்தான் சுற்றும். பாட்டு இழுபட்டு, சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கிக் கேட்கும். ஆகவே டிசி மோட்டாரும் வெளி அடப்டரும் உள்ளதையே எடுப்பியுங்கள். அடப்டரில் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கிறதா என்று அண்ணாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லண்டனிலிருந்து வருவதென்றால் இந்தத் தொல்லையே இல்லை, வீட்டில் சதுரமுனைப் பிளக் பொருத்தும் துளை இருந்தால் பிளக்கும் அப்படியே பொருந்தும்.

மலிவான சூட்கேஸ் பிளேயர் வேண்டவே வேண்டாம். சின்த்-பாப்பில் பேஸ் கனம். அடி சுரம் பலமாக வருமிடத்தில், தட்டில் ஊசி ஓடும் பள்ளம் அகலமாக நெளியும். அந்த மலிவுக் காட்ரிஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பாகம்) அதைப் பின்தொடர முடியாமல் குதித்துவிடும். தட்டுத்தான் பிழை என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம். ஊசிப்பாரத்தை மாற்றக்கூடிய பிளேயர் நல்லது. ஓடியோ-டெக்னிக்கா விஎம்95ஈ போன்ற காட்ரிஜுக்கு 2 கிராம் வையுங்கள். பாரம் குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் ஒழுங்காக உட்காராமல் அடிபடும், அதுதான் தட்டைக் கூடுதலாகத் தேய்க்கும். காட்ரிஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அம்பிளிபயரில் ஃபோனோ என்ற துளை இல்லாவிட்டால் அதைப் பெருக்கிக் கொடுக்கும் ஃபோனோ பிரீஅம்ப் தேவை. பிளேயருக்குள்ளேயே அது இருந்தால் சுவிட்சை லைனில் விடுங்கள். இரண்டு பிரீஅம்பையும் சேர்த்துப் போட்டால் சத்தம் கிழியும்.

இனி தட்டு. வாங்குமுன் ஒரு பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று கூட்டிப் பாருங்கள். 33⅓ வேகத்தில் 18 முதல் 22 நிமிடம் வரை வசதி. அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்க வேண்டும், அதற்காகச் சத்தத்தையும் பேஸையும் குறைத்துத்தான் வெட்டுவார்கள். டிபெஷ் மோட் என்ற பிரித்தானியக் குழு 2023இல் வெளியிட்ட மெமெண்டோ மோரி ஏறக்குறைய 50 நிமிட அல்பம். அது இரண்டு தட்டாக வந்ததற்கு நியாயம் உண்டு. அதே நீளத்தை ஒற்றைத் தட்டில் யாராவது விற்றால் நான் வாங்கமாட்டேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் பள்ளம் செக்கனுக்கு 50 சென்ரிமீற்றரளவில் ஓடும். உட்பக்கம் வரும்போது அது 21 ஆகிவிடும். அதே கூர்மையான ஒலி பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்குப்படுவதால் ‘ஸ்’ ஓசையும் ஹை-ஹட் தாளத்தின் ஒலியும் கரகரக்கும். கூம்பு ஊசியைவிட நீள்வட்ட ஊசி இதைக் குறைக்கும், முழுதாகத் தீர்க்காது.

நடுத்துளை விலகிய தட்டு இந்த இசையில் உடனே காட்டிக்கொடுக்கும். குரலிலும் வயலினிலும் சுருதி இயல்பாகவே அசையும். சின்தசைசரின் நீண்ட சுரமோ பெரும்பாலும் ஆடாமல் நிற்பது. துளை அரை மில்லிமீற்றர் தள்ளியிருந்தாலே உட்பக்கப் பாட்டில் சுருதி 0.8 சதவீதம் ஏறி இறங்கும். 1.8 செக்கனுக்கு ஒரு தரம் அந்த அசைவு வந்தால் பழுது தட்டில், பிளேயரில் இல்லை. ஊசிக் கை இடமும் வலமுமாக ஆடுவது கண்ணுக்கே தெரியும். அண்ணா திரும்பிப் போகுமுன் ஒருதரம் முழுதாகப் போட்டுப் பாருங்கள், மாற்றி எடுக்கலாம்.

கொண்டுவரும்போது தட்டைக் கைப்பையில் நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். உறை 31.5 சென்ரிமீற்றர் சதுரம். கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியில் பூட்டிய வானுக்குள் வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. 60 பாகைக்குக் கிட்டப் போனாலே வைனல் வளையத் தொடங்கிவிடும், வளைந்ததைத் தட்டையாக்குவது பெரும்பாடு.

வீட்டில் பிளேயரை ஸ்பீக்கர் இருக்கும் அதே அலுமாரியில் வைக்க வேண்டாம். பேஸ் அதிர்வு ஊசிக்கே திரும்பி ஊம் என்று உறுமும். மேசையை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் தண்ணீர். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில். அந்தத் தண்ணீரால் தட்டைக் கழுவினால், கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு பள்ளத்துக்குள்ளும் படியும், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சடசடப்புத்தான். காய்ச்சி வடித்த தண்ணீர் மூன்று பங்கு, ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள், பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரால் மட்டும் இன்னொரு தரம். அற்ககோல் வைனலுக்கு மட்டும். தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகள் வீட்டில் இருந்தால் அவை அரக்கில் செய்தவை, அற்ககோல் பட்டால் கரைந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காகித உள்ளுறையில் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் உள்ளுறைக்கு மாற்றி, சுவரோடு ஒட்டாமல், நிமிர்த்தி அடுக்கிவையுங்கள்.