பாட்டே இல்லாத ஸ்டெப் ஆட்டத்தில் எல்லார் சத்தமும் எப்படி ஒன்றாக விழுகிறது?

கேள்வியிலேயே "ஸ்டெப்பும் ஸ்ட்ரோலும் ஒன்றுதானே" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். ஒன்றில்லை. ஹோவர்ட், மோர்கன் ஸ்டேட் மாதிரி அமெரிக்கக் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கிய கல்லூரிகளில் இரண்டுமே உண்டு. பார்ட்டியில் பாட்டு ஓடும்போது, கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட மாணவர் சங்கங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள் வரிசையாக நகர்ந்து ஆடுவது ஸ்ட்ரோல். அந்த வரிசைக்குக் குறுக்கே நடந்து போவது பெரிய மரியாதைக் குறைவு. ஸ்டெப்பில் உடம்புதான் மேளம்: காலால் மிதித்து, கைதட்டி, தொடையில் தட்டித் தாளம் எழுப்புவார்கள்.

வீடியோ பார்த்து நண்பர்களோடு ஆடிப் பார்த்து, சத்தம் கலங்கலாக வந்ததால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் முழங்காலைப் பாருங்கள். லேசாக மடங்கி, எடை கீழே இருக்க வேண்டும். விறைப்பாக நின்று மிதித்தால் அடி பிந்தும், கணுக்காலும் முழங்காலும் வலிக்கும். பாதம் முழுசாக விழுந்தால் கனமான ஓசை. குதிகால் மட்டும் விழுந்தால் சுருக்கென்று கேட்கும். கையைக் குவித்துத் தட்டினால் 'தொப்', விரலால் உள்ளங்கையில் தட்டினால் 'பட்'. இதில் ஆளுக்கு ஒரு மாதிரி தட்டினால், நேரம் சரியாக இருந்தாலும் கேட்பவருக்குக் கலங்கலாகத்தான் இருக்கும்.

காலைத் தூக்கித் தொடைக்கு அடியில் கைதட்டும் இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுவார்கள். கையைக் கீழே கொண்டுபோகக் குனிகிறார்கள். நிமிர்வதற்குள் அடுத்த அடி போய்விடும். முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும், முழங்கால்தான் மேலே வர வேண்டும். கால் அடிகளை மட்டும் எட்டு எண்ணிக்கையில் வாயால் சொல்லிப் பழகிவிட்டு, பிறகு கையைச் சேருங்கள்.

கூட்டம் கத்தியதும் தாளம் வேகமெடுத்து ஓடிவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது குழுவை நடத்தும் ஸ்டெப்மாஸ்டரின் குரல். வரிசையில் நிற்பவர் பக்கத்து ஆளைப் பார்க்காமல் காதால் பிடிக்க வேண்டும், அதனால் நெருங்கி நில்லுங்கள். பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சத்தம் சுமார் 30 மில்லிசெகண்ட் பிந்திப் போகிறது. கம்பளம் விரித்த மேடை சத்தத்தை விழுங்கும், ப்ளைவுட் பலகை போடுங்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ உதவாது.

ஸ்டெப் இந்தச் சங்கங்களின் ஆட்டம் என்று சொன்னதும் "ஃப்ரட்டர்னிட்டி (ஆண் மாணவர் சங்கம்) என்றால் பீர் பார்ட்டிதானே" என்று யாராவது வருவார்கள். அந்தப் பேச்சு எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது. 1913 ஜனவரியில் ஹோவர்டில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டா என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். மார்ச் 3 அன்று வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். கறுப்பின மாணவர்களுக்கென்று உருவான இப்படிப்பட்ட ஒன்பது சங்கங்களில் படிப்பு முடிந்தாலும் உறுப்பினர் பொறுப்பு முடிவதில்லை, பட்டதாரிகளுக்கென்றே தனிக் கிளைகள் இருக்கின்றன. புதியவர்களை அடித்து வதைக்கும் கொடுமை நடக்கவே இல்லை என்று நான் வாதாடவில்லை. 1990இல், சேர வருபவரைச் சில காலம் சோதித்துப் பார்த்துச் சேர்க்கும் பழைய 'ப்ளெட்ஜ்' முறையையே நிறுத்தினார்கள், அப்படியும் மறைவில் தொடர்ந்தது. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். அதற்காக முழு வரலாற்றையும் பீர் பாட்டிலுக்குள் அடைக்காதீர்கள்.

நீங்கள் மேடை ஏறுவதாக இருந்தால் இன்னொன்று. மிதி, தொடைத் தட்டு, கைதட்டல் எல்லாருக்கும் பொது. காப்பா ஆல்ஃபா சையின் கைத்தடி ஆட்டம், ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவின் 'ஸ்கீ-வீ' கூவல், ஒமேகா சை ஃபை சங்கத்தாரின் 'ஹாப்' ஆட்டம் போன்றவை அந்தந்தச் சங்கத்துக்கு உரியவை. உறுப்பினராக இல்லாமல் அவற்றை எடுத்து ஆடாதீர்கள். உங்கள் குழுவுக்கென்று சொந்தக் கூவல் ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள்.