ஈவா ஸ்மித் கட்டுரை: கதை மட்டும் எழுதினா மார்க் வராதுங்க

பிரீஸ்ட்லியோட ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகத்தைப் பத்தின கட்டுரையில கதையைத்தான் திருப்பி எழுதியிருக்க, அலசலே இல்லன்னு சார் சொல்றார்னு கேட்டிருந்தீங்க. முதல்ல ரெண்டு வருஷத்தைப் பிடிச்சுக்கோங்க, கதை நடக்கிறது 1912, பிரீஸ்ட்லி எழுதினது 1945, நடுவுல ரெண்டு உலகப்போர், அதனால ஆலை முதலாளி பர்லிங், போர் வராது டைட்டானிக் மூழ்காதுன்னு அடிச்சு விடுறப்பவே பார்க்கிறவங்களுக்கு அந்தாளு மேல நம்பிக்கை போயிடும், அப்புறம் அவர் ‘அவனவன் பாட்டை அவனவன் பார்த்துக்கணும்’ங்கற மாதிரி பேசினா யாரு கேப்பா? இதை எழுதுங்க. பர்லிங் ஆலையில வேலை பார்த்த ஈவா பிரச்சினையில காசை விட்டுடாதீங்க, வாரம் 22 ஷில்லிங் 6 பென்ஸ் வாங்கினவங்க 25 கேட்டாங்க, அவ்ளோதான், ஸ்ட்ரைக்ல முன்னாடி நின்னதுக்கு ஈவாவுக்கு வேலை போச்சு. பர்லிங்கோட பொண்ணு ஷீலா மனசு மாறுறதை எல்லாரும் எழுதுவாங்க. எனக்கென்னவோ அவளுக்கு நிச்சயம் பண்ணின ஜெரால்டுதான் சுவாரசியம், பாதி நாடகம் நல்லவனாட்டம் தெரிவான், கடைசியில ஒண்ணுமே நடக்காத மாதிரி நிச்சயதார்த்த மோதிரத்தை எடுத்து ஷீலாகிட்ட நீட்டுவான். அவனுக்கு ஒரு பாரா ஒதுக்குங்க.