நாயை விரட்ட வேண்டாம், பையன் உடம்பைப் பாருங்கள்

சென்னை கொடுங்கையூரில் பையனுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், டெங்கு, மலேரியா இரண்டும் இல்லை, வீட்டு நாய்மேல் உண்ணி இருக்கிறது, அதை விரட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உண்ணிக் காய்ச்சல் என்று இங்கே சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸ் நாய் உண்ணியால் வருவதில்லை. எலி நடமாடும் புதரில் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சுகள் கடித்து வருவது. அவன் விளையாடும் காலி மனைமேல்தான் எனக்குச் சந்தேகம்.

இன்றைக்கே அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டி, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்காது, அதனால் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. ஸ்க்ரப் டைஃபஸுக்கான ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள். முதல் வாரத்தில் அது நெகட்டிவாகவும் வரலாம், அதனால் சந்தேகம் வலுத்தால் டாக்டர்கள் முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்குவார்கள். காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் இதற்குக் கேட்காது. நீங்களாக மெடிக்கலில் எதுவும் வாங்காதீர்கள்.

மூச்சு வாங்கினாலோ, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அப்புறம், தெருவில் வேறு யாருக்காவது இப்படிக் காய்ச்சல் இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். புதர், குப்பையை அகற்ற மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள்.