டிராக் ஓட்டத்துக்கு எந்த ஆயில் மீட்டர்: அழுத்தமா, வெப்பமா?

தென்னாப்பிரிக்காவின் கயலாமி பந்தயத் தளத்தில் ஓட்டப்போகும் காருக்கு ஆயில் அழுத்த மீட்டர் போதுமா, வெப்ப மீட்டரும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் அழுத்தம்.

காரோடு வரும் சிவப்பு விளக்கு, பெரும்பாலும் அழுத்தம் அரை பார் அளவுக்கு விழுந்த பிறகே எரியும். 6,000 ஆர்பிஎம்மில் அதற்குள் பேரிங் அடிபட்டிருக்கும். நீண்ட வளைவில் ஆயில், சம்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஓரத்துக்கு ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், முள் சட்டென்று சரியும். சாதாரணச் சாலையில் இது தெரியவே தெரியாது.

ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு சாண்ட்விச் தகடு வைத்து இரண்டு சென்சார்களையும் அதில் திருகலாம். ஒற்றை ஒயர் சென்சார் என்றால் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றாதீர்கள். அந்த மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. டர்பனில் என் வீட்டு கராஜில் நான் பட்டை பட்டையாகச் சுற்றிவிட்டு, அசையாத முள்ளைப் பார்த்து மீட்டரைத் திட்டியே ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தேன்.

வெப்பம் 130 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, ஆறவிட்டு, கார் நிறுத்தும் பிட்டுக்குள் வாருங்கள். அழுத்தத்துக்கு எச்சரிக்கை விளக்கும் உள்ள மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். வளைவில் திரும்பும்போது முள்ளை யார் பார்க்கிறார்கள்?