கொலோன் பேராலயம்: முழங்கால் நோவோடு பார்க்கலாமா?

கேள்வி: ஜேர்மனியில் டோட்முண்டில் இருக்கும் மகனிடம் போகிறோம். ஒருநாள் கொலோன் போய்ப் பழைய கட்டடங்களைப் பார்க்க ஆசை. எனக்கு முழங்கால் நோவு. அங்குள்ள பேராலயக் கோபுரத்தில் ஏறலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் அம்மா. தெற்குக் கோபுரத்துக்கு 533 படிகள், லிப்ட் கிடையாது. ஒடுக்கமான சுழல்படி. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் வாங்கும். மகன் ஏறட்டும்.

நீங்கள் கீழேயே நின்று மேற்கு வாசல்களைப் பாருங்கள். 1248இல் தொடங்கிய வேலை 16ஆம் நூற்றாண்டில் நின்றுபோய், 1842இல் திரும்பத் தொடங்கி 1880இல்தான் முடிந்தது. அதனால் முகப்பில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு வேலை. உங்கள் வலக்கைப் பக்கம் உள்ள பேதுரு வாசல் மட்டும் மத்தியகாலத்தது. அங்குள்ள அப்போஸ்தலர் சிலைகள் சிலவற்றின் அங்கி மடிப்புகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பலர் செல்பி எடுத்துக்கொண்டு இதைத் தவறவிடுகிறார்கள். உள்ளே, பலிபீடத்துக்குப் பின்னால், குழந்தை இயேசுவைக் காண வந்த மூவரசரின் எலும்புகள் இருப்பதாக நம்பப்படும் மூவரசர் பொற்பேழை. வடபக்கம் 10ஆம் நூற்றாண்டின் கேரோ சிலுவை என்ற பெரிய மரச்சிலுவை. அது இந்தக் கட்டடத்தைவிடப் பழையது.

ஞாயிறு காலை போகாதீர்கள், பூசை நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். சூட்கேஸோடும் உள்ளே விடார். பக்கத்திலேயே உள்ள ரயில் நிலைய லொக்கரில் வைத்துவிடுங்கள். பிறகு ரைன் ஆற்றுப்பக்கம் மெல்ல நடந்தால் பெரிய புனித மார்ட்டின் ஆலயம். இரண்டாம் உலகப்போரில் இடிந்து, பிறகு திருத்திக் கட்டியது. கற்கள் பதித்த தெரு, தட்டையான சப்பாத்தே நல்லது.